மார்கழியில் முகூர்த்தம் இல்லை. கேமராவோடு கொச்சிக்குப் போகலாமா?

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "அண்ணா, மார்கழி முழுக்க எங்களுக்குக் கல்யாண வேலை கிடையாது. கிறிஸ்துமஸை ஒட்டி நான்கைந்து நாள் கொச்சியில் தங்கி, எனக்காகப் படம் எடுக்கலாம் என்று இருக்கிறேன். சீனவலை, சூரிய அஸ்தமனம் எல்லாம் எல்லாரும் எடுத்துத் தீர்த்துவிட்டார்கள். வேறு என்ன இருக்கிறது? எந்த நாட்களில் போவது, எந்த லென்ஸை எடுத்துப் போவது, எங்கெல்லாம் தடுப்பார்கள்?"

தம்பி, சீனவலை தீர்ந்துவிட்டது என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். தீர்ந்துபோனது கரையில் நிற்கும் அந்தப் பெரிய மீன்வலையின் கறுப்பு உருவமும் அதன் பின்னால் தொங்கும் ஆரஞ்சு வானமும்தான். வலையை ஏற்றி இறக்கும் வேலையை உட்கார்ந்து பார்த்து எடுத்தவர்கள் மிகக் குறைவு. கொச்சி முழுவதற்கும் இதையே சொல்வேன். அந்த ஊரைப் பழைய சுவர், பழைய கதவு, பழைய கல்லறை என்று எடுக்கப் போனால் நாள்காட்டிப் படங்களோடுதான் திரும்புவீர்கள். அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் துறைமுகம். எந்த வேலை எத்தனை மணிக்கு நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த நேரத்துக்கு அங்கே நின்றால் போதும். வெளிச்சத்தைத் துரத்தும் பழக்கத்தை இந்த நான்கு நாளுக்காவது மூட்டை கட்டி வையுங்கள்.

முதலில் நாட்களைப் பார்ப்போம். நம் பக்கத்தில் மார்கழியில் முகூர்த்தம் வைக்க மாட்டார்கள். மலையாளத்துத் தனு மாதத்திலும் அப்படித்தான். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களும் டிசம்பர் 25 வரை நோன்பு பிடிப்பதால் பெரும்பாலும் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள். ஆகவே எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டோகிராபர்கள் கை சும்மா இருக்கும் மாதம் இது. ஆனால் அதே மாதத்தில்தான் பள்ளிக்கூட விடுமுறையும் சபரிமலை சீசனும் சேர்ந்து வருகின்றன. மண்டல பூஜை டிசம்பர் 26, 27 வாக்கில் முடியும். பிறகு நடை திறந்து மகரவிளக்கு வரை கூட்டம் ஓயாது. பாலக்காட்டு வழியாகத் தெற்கே போகும் ரயில்களில் தமிழ்நாட்டு, ஆந்திர சாமிகள் நிறைந்திருப்பார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் கேமராப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் நிற்பது விடுமுறைக்கு நல்ல தொடக்கம் ஆகாது. இருக்கை கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸில் போங்கள். பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரானில் சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த மலைப்பாதை நெரிசல் பெருமளவு தீர்ந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்தான் என் தேர்வு. ஊர் அலங்காரம் பாதி முடிந்து, பாதி நடந்துகொண்டிருக்கும். வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் ஏறிக்கொண்டிருக்கும். அறை வாடகையும் இன்னும் உச்சத்துக்குப் போயிருக்காது. வாரத்திலும் திங்கள் முதல் வியாழன் வரை அமையும்படி பாருங்கள். இதற்குக் காரணம் உண்டு. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர் தெருவின் சினகாக், அதாவது யூதர்களின் தொழுகைக்கூடம், வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் மூடியிருக்கும். பஜார் ரோட்டுப் பண்டகசாலைகள் ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று போகிறவர்கள் மூன்றையும் பகுதி பகுதியாகத்தான் பார்க்கிறார்கள். பிறகு கொச்சியில் ஒன்றுமில்லை என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள்.

ஊருக்குள் தண்ணீர் வழியாக நுழையுங்கள். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசு நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு போகிறது. இருபது நிமிடம், சில்லறைக் காசுதான். 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோவும் நல்ல சேவைதான், குளிர்சாதனம் உண்டு. ஆனால் அது கண்ணாடிக்குள் உட்கார வைத்துவிடும். உங்களுக்குத் தேவை பக்கம் திறந்த பழைய படகு. வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடை, எதிரே வரும் இழுவைக் கப்பல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடப்பக்கம் தெரியும் வில்லிங்டன் தீவைக் கவனியுங்கள். அது இயற்கைத் தீவு முழுவதும் அல்ல, பெரும்பகுதி கடலடியில் தோண்டிய மண். கொச்சியின் வாயில் நெடுங்காலமாக ஒரு மணல்திட்டு மறித்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தோணிகளில் மாற்றி உள்ளே கொண்டுவர வேண்டும்; மழைக்காலத்தில் அதுவும் நடக்காது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டைத் தோண்டி ஆழமான வழி அமைத்தார். தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் தீவு எழுந்தது. 1928 மே 26 அன்று 'பத்மா' என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் முதலில் வந்தது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், மட்டாஞ்சேரியில் நீங்கள் எடுக்கப்போகும் படங்களின் பொருள் இதில்தான் இருக்கிறது. கப்பல் தீவுக்குப் போனதும் எதிர்க்கரைப் பண்டகசாலைகளின் தலையெழுத்து மாறத் தொடங்கியது.

இனி சீனவலை. இது குப்லாய் கான் காலத்துச் சீனர்கள் தந்தது என்பார்கள், சீனக் கடலோடி செங் ஹே வந்தபோது தந்தது என்பார்கள், சீனக் கரையிலுள்ள மக்காவ் துறைமுகத்திலிருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது என்றும் ஒரு கட்சி உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்; அது வேலை செய்யும் விதம்தான் வேண்டும். கரையில் ஓர் அச்சின் மேல் பெரிய மரச்சட்டம் நிற்கிறது. கடல் பக்கத்து முனையில் விரித்த வலை. கரைப் பக்கத்தில் கயிறு கயிறாகக் கற்கள். ஒவ்வொரு கல்லும் ஏறக்குறைய ஓரடி விட்டம். சமநிலை அவ்வளவு துல்லியம்: ஓர் ஆள் நடுத்தண்டின் மேல் ஏறி நடந்தால் போதும், அவருடைய எடைக்கே வலை தண்ணீருக்குள் இறங்கும். சில நிமிடம் பொறுத்து நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். கற்களைக் கட்டிய கயிறுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. வலை மேலேற மேலேற, கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து உட்காரும். முதல் கல் 'தொம்' என்று உட்காரும்போது இழுப்பவர்களின் தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசிக் கல் உட்காரும்போது கயிறு தொய்ந்துவிடும். உங்கள் படம் அந்தக் கற்களில் இருக்கிறது. வலையை முழுதாகச் சட்டத்துக்குள் அடக்கப் பின்னால் பின்னால் போகாதீர்கள். மேடையருகே தாழ்ந்து உட்கார்ந்து, கல்லும் கையும் கயிறும் மட்டும் தெரியும்படி எடுங்கள். வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு வைத்தால் வலை அசைவில் கலங்கும், மேடையில் உட்கார்ந்த கல் கூர்மையாக நிற்கும்.

மேலே வந்த வலையில் பெரிதாக ஏதும் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்சம் இறால், நாலைந்து மடவை, ஒரு நண்டு. சில இழுப்பில் வெறும் ஆகாயத்தாமரை. மழை ஓய்ந்த மாதங்களில் காயலிலிருந்து அது திட்டுத் திட்டாக மிதந்து வந்து வலையை அடைத்துக்கொள்ளும். அந்தச் செடியை வலையிலிருந்து பிய்த்து எறியும் காட்சியைச் சுற்றுலாக்காரர்கள் எடுப்பதில்லை. எனக்கு அதுதான் கொச்சியின் டிசம்பர். தேக்குக்குப் பதில் இரும்புக் குழாய் ஏறிய வலைகளையும் ஒதுக்காதீர்கள். மரம் வாங்கக் கட்டுப்படியாகாமல்தான் குழாய் வந்தது. மரவலையாகத் தேடித் தேடி எடுத்தால் இல்லாத காலத்தைத்தான் எடுப்பீர்கள்.

வலையடியில் நிற்கும்போது, "வாங்க, இழுத்துப் பாருங்க" என்று மேடைக்கு அழைப்பார்கள். முடிந்ததும் பணம் எதிர்பார்ப்பார்கள். அதில் தவறொன்றும் இல்லை. மீனில் வருவது போதாது. ஆனால் நீங்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள்: ஒரு மணி நேரம் இங்கே உட்காரப் போகிறேன், யாரும் எனக்காக நிற்க வேண்டாம், போகும்போது தருகிறேன். கல்யாண வீட்டில் நமக்கு ஊறிப்போன வியாதி ஒன்று இருக்கிறதல்லவா, "இந்தப் பக்கம் பாருங்க, கொஞ்சம் சிரிங்க" என்று? அதை வலையடியில் ஒரு தடவை சொன்னால்கூட ஆட்டம் முடிந்தது. அவர்களுக்கு நடிக்கத் தெரியும், நன்றாகவே தெரியும்.

அஸ்தமனம் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு போங்கள். டிசம்பர் பிற்பாதியில் சூரியன் நேர் மேற்கே இறங்குவதில்லை, சுமார் 24 பாகை தெற்கே தள்ளி இறங்கும். ஃபோர்ட் கொச்சியின் வலைகள் துறைமுக வாயைப் பார்த்தபடி வடக்கே நிற்கின்றன. அதனால் வலைக்கருகில் கூட்டத்தோடு நின்றால் சூரியன் உங்களுக்குப் பக்கவாட்டில் நழுவிவிடும். வாகனங்களையும் ஆட்களையும் சேர்த்து ஏற்றும் ரோ-ரோ படகில் ஏறி எதிர்க்கரையிலுள்ள வைப்பின் தீவுக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். வலை, தூங்குமூஞ்சி மரங்கள், அவற்றின் பின்னால் சூரியன் என்று வரிசை சேரும். ஆறு மணிக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். வல்லார்பாடம் முனையத்துக்குப் போகும் கன்டெய்னர் கப்பல் இந்த ஒடுங்கிய வாயில் வழியாகத்தான் நுழையும். வலைக்குப் பின்னால் பத்து மாடிக் கட்டடம் நகர்ந்து போவதைப் போல இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் கப்பலுக்கு முன்னே டால்பின்களும் தலைகாட்டும்.

மட்டாஞ்சேரிக்கு ஒரு முழு நாளல்ல, இரண்டு காலைப் பொழுதுகள் கொடுங்கள். பஜார் ரோடு தண்ணீரை ஒட்டியே போகிறது. அங்குள்ள பழைய பண்டகசாலைகளுக்கு இரண்டு வாசல்கள்: ஒன்று தெருவில், மற்றொன்று காயலில். வள்ளங்கள் பின்வாசலில் வந்து நிற்கும். மூட்டை உள்ளே ஏறும். கணக்கு முன்வாசலில் நடக்கும். லாரி வந்தபின் பின்வாசலுக்கு வேலை குறைந்துபோனது. பல பண்டகசாலைகளில் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். சிலவற்றில் காற்றுக்காகத் திறக்கிறார்கள். அப்படித் திறந்த இடம் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். காயல் கிழக்கே இருப்பதால் காலைச் சூரியன் நேராகப் பின்வாசல் வழியே உள்ளே வரும். மார்கழி மாதத்துக் கிழக்குச் சூரியனும் தெற்கே சாய்ந்தே எழுவதால் ஒளி சாய்கோட்டில் விழும். மூட்டைகளுக்கு நடுவில் தூசி எழும்பி அந்த வெளிச்சத்தில் நிற்கும். சாக்கைக் கொக்கியால் குத்தித் தலைக்கு ஏற்றும் தொழிலாளி அந்தத் தூசிக்குள் நுழைந்து வெளியே வருவார். ஒன்பதரை மணி தாண்டினால் சூரியன் கூரைக்கு மேல் போய்விடும். பிறகு எடுப்பது வீண்.

அரிசி, மிளகு, சுக்கு, தேயிலை என்று கடைக்குக் கடை வாசனை மாறும். இந்த மாதங்களில் புது மிளகு வரத் தொடங்கும். இஞ்சி அறுவடையும் இப்போதுதான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுக்கைப் பொறுக்கிப் பிரிக்கும் முற்றங்கள் இன்னும் இருக்கின்றன. சுண்ணாம்பு பூசிய சுக்கின் வெண்தூள் அவர்கள் முழங்கை வரை படிந்திருக்கும். மூக்கில் ஏறும் காரத்தை எந்த லென்ஸும் பிடிக்காது, தும்மலில் கேமரா ஆடும் என்று மட்டும் எச்சரிக்கிறேன். உள்ளே நுழையும்முன் முதலாளியிடமோ கணக்கரிடமோ கேட்டுவிடுங்கள். பல கடைகள் குஜராத்திகளுடையவை. குஜராத்தி ரோட்டில் 1904இல் கட்டிய ஜைனக் கோயில் இருக்கிறது, மதியத்தை ஒட்டி அங்கே புறாக்களுக்குத் தீனி போடுவார்கள். கோவாவிலிருந்து வந்த கொங்கணிகளின் திருமலைக் கோயிலும், கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன்களின் தெருவும் நடக்கும் தூரத்தில்தான். மதிய உணவுக்குப் பிரியாணி வேண்டுமென்றால் மட்டாஞ்சேரியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பிற்பகல் ஆகிவிட்டால் சட்டி காலி.

அடுத்து, தமிழ் பேசும் போட்டோகிராபர் ஒருவர் கொச்சியில் போய்ச் சேர வேண்டிய இடம். ஃபோர்ட் கொச்சியின் வெளி என்ற பகுதியில் டோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் படையாட்களின் உடுப்பை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்னும் தொழில் செய்கிறார்கள். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663இல், ஆங்கிலேயர்களிடம் விட்டது 1795இல். கொடிகள் மாறின, கல் மாறவில்லை. இன்று படையாட்களின் உடுப்புக்குப் பதில் விடுதிகளின் படுக்கை விரிப்பும் மருத்துவமனைத் துணியும் வருகின்றன. வீட்டுக்குள் தமிழ்தான். மலையாளம் கலந்த, நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துத் தமிழுக்குப் பழகிய காதுக்குச் சிரமமே இல்லாத தமிழ். நீங்கள் வாய் திறந்ததும் "எந்த ஊரு?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.

அங்கே கவனிக்க வேண்டியது உலர்த்தும் கொடி. இரண்டு கயிறுகளைப் பின்னி முறுக்கிக் கட்டியிருப்பார்கள். துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிட்டால் காற்றடித்தாலும் விழாது. கிளிப் ஒன்றுகூடக் கிடையாது. ஓர் ஆள் இரண்டு விரலால் முறுக்கை விலக்கி, துணி முனையைச் செருகி, விரலை எடுப்பதற்குள் அடுத்த முனை மறு கையில் தயாராக இருக்கும். 85 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் அந்த விரல்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் செலவிடலாம். காலையில் கல்லில் அடித்து வெளுப்பது, உச்சி வெயிலில் கொடியில் ஏற்றுவது, பிற்பகலில் கரி அடுப்புப் பெட்டியால் தேய்ப்பது என்று நாள் நகரும். இங்கே ஒரு சௌகரியம்: உச்சி வெயிலிலும் படம் எடுக்கலாம். இருபக்கமும் தொங்கும் வெள்ளை விரிப்புகள் வெளிச்சத்தை வாங்கி முகத்தில் திருப்பிவிடும், ஸ்டுடியோவில் நாம் குடை வைத்துச் செய்வதைத் துணி செய்துவிடும். கேமராவின் தானியங்கிக் கணிப்பை மட்டும் நம்பாதீர்கள், வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். பட்டுவேட்டி மாப்பிள்ளையை எடுத்துப் பழகிய உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு படி கூட்டி வையுங்கள். தொழிலாளிகளில் பலர் வயதானவர்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். படம் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் கொடுத்தே ஆக வேண்டும். உங்களிடம் பிரிண்டர் இருக்கிறது, சாக்கு சொல்ல முடியாது.

சுற்றுலாப் பட்டியலில் உள்ள மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை எங்கும் ஓடிப்போகாது. புனித பிரான்சிஸ் தேவாலயம் 1503இல் மரத்தால் எழுந்து, 1516இல் செங்கல்லும் சாந்தும் கொண்டு கட்டி முடிக்கப்பட்டது. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில்தான் இறந்தார். அங்கே புதைத்து, 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோனார்கள். காமாவுக்குப் பின் வந்த போர்ச்சுகீசியக் கடலோடி கப்ரால் கொச்சிக்கு வந்து சேர்ந்ததும் 1500ஆம் ஆண்டின் அதே டிசம்பர் 24தான். எல்லாரும் காமாவின் கல்லறைக் கல்லை எடுத்துவிட்டு வெளியேறுவார்கள். நீங்கள் நிமிர்ந்து பாருங்கள்: வெளியே நின்று ஆள் இழுக்கும்படி கட்டிய பங்கா எனும் துணி விசிறிகள் வரிசையாகத் தொங்கும். சாண்டா குரூஸ் பசிலிக்கா இப்போதுள்ள உருவத்தில் 1905இல் அர்ச்சிக்கப்பட்டது. முந்தைய பேராலயத்தை ஆங்கிலேயர்கள் இடித்துவிட்டார்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் ஃபிளாஷ் வேண்டாம், பீடத்துக்கு அருகே போகவும் வேண்டாம். கடைசி வரிசையில் மடியில் தூங்கும் பிள்ளைகள்தான் நல்ல படம்.

மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுகீசியர்கள் 1555 வாக்கில் கட்டிக் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே இராமாயணச் சுவரோவியங்கள் அபாரம். ஆனால் கேமரா கூடாது என்ற எண்ணத்தோடேயே போங்கள், கண்ணால் பாருங்கள். 1568இல் கட்டிய பரதேசி சினகாக்கிலும் வாசல் பலகை சொல்வதற்குக் கட்டுப்படுங்கள். தரையில் பதித்த சீனத்து நீல ஓடுகள் கையால் தீட்டியவை, ஒன்றைப்போல் ஒன்று இராது. அந்தத் தெருவில் பூவேலைப்பாடு செய்த துணிகள் விற்ற சாரா கோஹன் பாட்டி 2019இல் 96 வயதில் காலமானார். அதன்பின் யூதர் தெரு பெரும்பாலும் கலைப்பொருள் கடைகளின் தெரு. உருளி, மரக்குதிரை, தொங்கு விளக்கு எல்லாம் படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றால் உங்கள் பணம்தான் கரையும். மலிவாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று யாராவது ஆட்டோக்காரர் சொன்னால், நடுவில் இரண்டு கடைக்குள் இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பினாலே நடக்கும் ஆண்டாக இருந்தால், 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய அந்தக் கலைவிழா டிசம்பரிலிருந்து கோடை வரை நீளும். ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பழைய வணிகக் கட்டடங்களுக்குள் சும்மா நுழைய முடியாதவர்கள் அப்போது டிக்கெட் வாங்கி நுழையலாம். கலைப்படைப்பைவிட அதன் பின்னாலுள்ள சன்னலையும் காயலையும்தான் நான் அதிகம் பார்ப்பேன். கலைஞர்கள் மன்னிக்க வேண்டும்.

டிசம்பர் 31 பற்றிக் கேட்பீர்கள். கொச்சி கார்னிவல் 1980களின் நடுவில் தொடங்கியது. நள்ளிரவில் பப்பாஞ்ஞி என்ற கிழவன் பொம்மையைக் கொளுத்துவார்கள், மறுநாள் வேடமிட்டு ஊர்வலம் போவார்கள். கொளுத்தும் இரவில் கூட்டம் ஆளை நசுக்கும். போலீஸ் படகையும் பஸ்ஸையும் நேரத்தோடு நிறுத்திவிடும்; கேமராப் பையோடு போவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்கு முந்தின நாட்களில் பொம்மைக்கு வைக்கோல் அடைத்துக் கோட்டு மாட்டுவதைத் தேடிப் போய் எடுங்கள். டோபி கானா இருக்கும் அந்த வெளிப் பகுதியின் மைதானத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரத்துக்குக் கிளை கிளையாக விளக்குக் கட்டுவார்கள். இளைஞர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு விளக்குச் சரத்தை எறிந்து பிடிக்கும் அந்தச் சாயங்காலங்கள், எரியும் பொம்மையைவிட நூறு மடங்கு மேல்.

தடை விஷயத்தில் விளையாட்டே கூடாது. தென்மண்டலக் கடற்படைத் தலைமையகம் கொச்சியில் இருக்கிறது. ஃபோர்ட் கொச்சியிலேயே துரோணாச்சாரியா என்ற கடற்படைப் பயிற்சித் தளம் உண்டு. அந்த மதில், வாயில், போர்க்கப்பல், கடற்படைப் படகு எதையும் குறிவைக்காதீர்கள். கல்யாணத்துக்குப் பறக்கவிடும் டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

லென்ஸுக்கு வருகிறேன். 70–200 ஜூம் லென்ஸையும் ஃபிளாஷையும் எடுக்க வேண்டாம். பண்டகசாலைக்கும் படகுக்கும் 28 அல்லது 35, டோபி கானாவுக்கு 85, இவ்வளவு போதும். நம் பாலக்காட்டுக் கணவாயில் மார்கழிக் காற்று உதட்டை வெடிக்க வைக்கும், காற்றில் ஈரமே இராது. அங்கிருந்து கொச்சிக்குப் போனால் டிசம்பரிலும் பகல் வெயில் 31, 32 டிகிரி, சட்டை முதுகில் ஒட்டும். குளிர்சாதன அறையிலிருந்து விடியற்காலை கேமராவோடு நேரே வெளியே வந்தால் லென்ஸ் உடனே பனி பூத்துவிடும், துடைக்கத் துடைக்கப் பூக்கும். அரை மணி நேரம் முன்பே பையோடு திண்ணையில் வைத்துவிடுங்கள். மின்விசிறி அறையே எடுத்தால் இந்தத் தொல்லையும் இல்லை, வாடகையும் குறைவு. வலையடியில் உப்புச் சாரல் படும். இரவு படுக்கும்முன் ஈரத்துணியால் ஒரு தடவை, உலர்ந்த துணியால் ஒரு தடவை துடையுங்கள்.

ஐந்தாவது நாள் மிஞ்சினால் மட்டும் வடக்கே பறவூர்ப் பக்கம் போங்கள். யவனர்கள் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிக்கொண்டு போன முசிறி அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. 1341இல் பெரியாற்று வெள்ளம் அந்தத் துறையைத் தூர்த்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்று சொல்வார்கள். அங்கே பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்திருக்கிறது, ஆனால் படமெடுக்க மண்ணும் தென்னையும்தான். நான் போகச் சொல்வது கோதுருத்துக்கு. போர்ச்சுகீசியர் காலத்தில் கத்தோலிக்கர்களிடையே பிறந்த சவிட்டு நாடகத்தின் ஊர் அது. மரப்பலகை மேடையைக் காலால் உதைத்து ஆடுவார்கள். வெல்வெட் அங்கி, கிரீடம், வாள் என்று ஐரோப்பிய ராஜாக்கள் வருவார்கள், வாய் திறந்தால் தமிழ் கலந்த பாட்டு வரும். பழைய நாடகங்களைச் செய்தவர் என்று சின்னத்தம்பி அண்ணாவியின் பெயரைச் சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் ஒத்திகையோ அரங்கேற்றமோ இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஒத்திகையே மேல்: லுங்கி கட்டிக்கொண்டு கையில் வாளோடு நிற்கும் சார்லமேன் பேரரசரை மேடையில் பார்க்க முடியாது.

அறையை மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவில் எங்காவது எடுங்கள், விடியற்காலை இரண்டு பக்கமும் நடந்தே போகலாம். திரும்பும் ரயில் டிக்கெட்டை இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். புத்தாண்டு முடிந்த கையோடு மகரவிளக்குக் கூட்டம் தொடங்கிவிடும், தை பிறந்தால் உங்களுக்கு முகூர்த்தமும் வந்துவிடும்.